டாக்டர் பட்டம் கையில் இருக்க, பொதுச் சுகாதாரப் பள்ளிக்குப் போகலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்து, ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் மருத்துவ அலுவலராக இருந்தேன். திருமணத்துக்குப் பின் 2016-இல் அமெரிக்கா வந்தோம். இப்போது வட கரோலினாவில் கேரி நகரில் வசிக்கிறோம். கணவருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்திருப்பவருக்கான ஹெச்-4 விசா. வேலை அனுமதியும் இருக்கிறது. 2019-இல் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதற்படியில் தேறினேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வயது 37. வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் சாப்பல் ஹில்லில், மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளி இருக்கிறது. அங்கே எம்.பி.ஹெச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் படித்தால், பிறகு மருத்துவராகப் பணியாற்ற அது உதவுமா? மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் மதிப்புக் குறைவா? எபிடெமியாலஜி (நோய்ப்பரவலியல்) எடுத்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார்கள். எனக்கோ கணக்கு என்றால் பயம். “டாக்டருக்குப் படித்துவிட்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேலைக்கா போகிறாய்?” என்று அம்மா கேட்கிறார். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது புறநோயாளி வரிசை அன்று. ஒரு மீனவக் குப்பத்தில் வீட்டிலேயே நடந்துவந்த பிரசவங்களை எங்கள் கிராம சுகாதார செவிலியரும் நானும் ஓராண்டில் ஒன்றுகூட இல்லாமல் செய்ததுதான். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள டாக்டர் அம்மா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை முதலில் எழுதியிருந்தீர்களானால் மற்ற கேள்விகளில் பாதி எழுந்தே இருக்காது. இருந்தாலும், நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஒளிவுமறைவின்றி முதலிலேயே விடை சொல்லிவிட வேண்டும். எம்.பி.ஹெச். பட்டம் அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்றும் உரிமையைத் தராது. அந்த உரிமைக்கான வழியைச் சுருக்கித் தரவும் செய்யாது. வெளிநாட்டில் படித்த மருத்துவர் இங்கே நோயாளியைத் தொட வேண்டுமானால் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகள், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ், ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி ஆகிய படிகளைத்தான் பொதுவாக ஏற வேண்டும். ரெசிடென்சித் தேர்வுக் குழுக்கள் எம்.பி.ஹெச். பட்டத்தை ஒரு நல்ல குறிப்பாகப் பார்க்கலாம். பல ஆண்டு மருத்துவப் பணி இடைவெளியை அது நிரப்பிவிடும் என்று நம்பிச் சேர்ந்த சிலரை நான் அறிவேன், அவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றமே. இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நாட்கணக்கும் இருக்கிறது. இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழுக்கு வேண்டிய தேர்வுகளை முதல் தேர்வில் தேறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. நீங்கள் 2019-இல் முதற்படியைத் தாண்டியவர். ஆகவே, “எம்.பி.ஹெச். முடித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது உங்கள் விஷயத்தில் முதற்படித் தேர்வின் பயனைக் கைவிடுவதற்கு மற்றொரு பெயர். மருத்துவராவதா, பொதுச் சுகாதாரப் பணிக்குப் போவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒன்றை மற்றொன்றுக்கான புறவாசலாக எண்ணிச் சேராதீர்கள்.

இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. தடுப்பு மருத்துவம் என்ற துறையில் ரெசிடென்சி செய்பவர்கள் அந்தப் பயிற்சிக்குள்ளேயே எம்.பி.ஹெச். படிப்பையும் முடிப்பார்கள். ஆனால் அதற்கும் தேர்வுகளும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முன்னதாக வேண்டும். ஆகையால் அது உங்களுக்குக் குறுக்கு வழி ஆகாது.

அடுத்து, மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் மதிப்புக் குறைவா என்ற கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். ஏனென்றால், அந்தப் பள்ளி யாருக்காக, எதற்காகத் தொடங்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அது உங்களுக்குப் பொருந்துமா என்பதும் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எழுந்த பெயர்பெற்ற பொதுச் சுகாதாரப் பள்ளிகள், ஜான்ஸ் ஹாப்கின்ஸும் ஹார்வர்டும் யேலும், தனியார் பல்கலைக்கழகங்களில் எழுந்தவை. ஹாப்கின்ஸ் பள்ளிக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணம் 1916-இல் கிடைத்தது. அந்த அறக்கட்டளையினருக்குப் பொதுச் சுகாதாரத்தின் மேல் அக்கறை வந்ததற்கு, வட கரோலினா உள்ளிட்ட தென் மாநிலங்களில் 1909 முதல் ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் ஒரு காரணம். செருப்பில்லாமல் நடந்த ஏழை உழவர் பிள்ளைகளின் சோகைக்குத் தெற்கில் மருந்து கொடுக்கப் போனவர்கள், மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கழிப்பறையும் வேண்டும், அதைக் கட்டச் செய்து கண்காணிக்கும் அலுவலரும் ஊருக்கு ஊர் வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். அந்த அலுவலருக்குப் பயிற்சி தரும் பள்ளிகளோ வடக்கே, பெருநகரங்களில் அமைந்தன.

1935-இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை ஓய்வூதியச் சட்டமாக மட்டுமே நாம் நினைக்கிறோம். ஆனால் அதன் ஐந்தாம் பகுதி தாய்-சேய் நலத்துக்கும், ஆறாம் பகுதி மாநில, உள்ளூர் சுகாதாரப் பணிகளுக்கும் பணம் ஒதுக்கின. ஆறாம் பகுதியின்கீழ் மாநிலங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 80 லட்சம் டாலர்; அந்தப் பணத்தை ஆட்களுக்குப் பயிற்சி அளிக்கவும் செலவிடலாம் என்று சட்டமே சொன்னது. கவுண்டிதோறும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சுகாதார அலுவலர் வேண்டும், பணம் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இல்லை. இந்தத் தேவையிலிருந்துதான் 1936-இல் சாப்பல் ஹில்லில், மருத்துவப் பள்ளிக்குள் ஒரு பிரிவாக, பொதுச் சுகாதாரக் கல்வி தொடங்கியது. 1940-இல் அது தனிப் பள்ளியானது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குள் அமைந்த முதல் பொதுச் சுகாதாரப் பள்ளி என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நம் சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். நீங்கள் ராமநாதபுரத்தில் யாருக்குக் கீழ் பணியாற்றினீர்களோ அந்தத் துணை இயக்குநர் அலுவலகத்துக்கும், கேரியில் உங்கள் பிள்ளைகளின் தடுப்பூசிக் கணக்கை வைத்திருக்கும் கவுண்டி நலத்துறைக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்.

அந்தப் பிரிவைத் தொடங்கி நடத்தி, பிறகு பள்ளியின் முதல் முதல்வராகவும் ஆனவர் மில்டன் ரோசனோ. பாலை 60 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்கினால் சுவை கெடாமல் நோய்க்கிருமிகள் சாகும் என்று நிறுவி, அமெரிக்க நகரங்களில் பால் பதப்படுத்தலுக்கு வழி செய்தவர் அவர். ஹார்வர்டில் ஓய்வு பெற்றபின் சாப்பல் ஹில்லுக்கு வந்தபோது அவருக்கு வயது 67. உங்களுடைய 37-ஐப் பற்றி நான் தனியாக ஒன்றும் எழுதப்போவதில்லை.

எனவே, மாநிலப் பல்கலைக்கழகம் என்பது இங்கே மதிப்பின் அளவுகோல் அன்று; அது அந்தப் பள்ளியின் கடமையைக் குறிக்கும் சொல். வட கரோலினாவில் 100 கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றின் நலத்துறைகளில் வேலை செய்பவர்களிலும் தலைநகர் ராலேயில் உள்ள மாநிலத் துறையில் இருப்பவர்களிலும் பலர் அங்கே படித்தவர்களாகவோ, அங்கே படித்தவர்களுக்குக் கீழ் பணியாற்றியவர்களாகவோ இருப்பதை நீங்கள் வேலை தேடத் தொடங்கியதும் காண்பீர்கள். நாடளாவிய தரவரிசைகளிலும் அந்தப் பள்ளி ஹாப்கின்ஸ், ஹார்வர்டு ஆகியவற்றுடன் முன்வரிசையில் வைத்துத்தான் பேசப்படுகிறது. என்றாலும் அந்த வரிசையைப் பார்த்துச் சேராதீர்கள். இங்கேயே இந்த மாநிலத்தில் வேலை செய்யப்போகிறவருக்கு, தன் ஆசிரியர் கவுண்டி அலுவலர்களைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவராக இருப்பது எந்தத் தரவரிசையைவிடவும் பயன் தரும்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். (சுகாதார ஆய்வாளர் வேலை இழிவானது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை, டெங்கு காலத்தில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்க வருபவர் அவர்தான். அது இருக்கட்டும்.) இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947 முதல் அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த எட்வர்டு மெக்கவ்ரன் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து ஒன்று உண்டு: மருத்துவர் ஒருவருக்கு ஒரு மனிதர் நோயாளி என்றால், பொதுச் சுகாதாரப் பணியாளருக்கு ஓர் ஊர் முழுவதும் நோயாளி, அந்த ஊருக்கு நோய் என்ன என்று கண்டறிவதற்கும் சிகிச்சை அளிப்பதற்கும் மருத்துவம் போலவே முறையான படிப்பு வேண்டும். நீங்கள் மீனவக் குப்பத்தில் செய்தது இதுதான். எந்த ஒரு கர்ப்பிணிக்கும் நீங்கள் அரிய சிகிச்சை எதையும் அளித்துவிடவில்லை. எந்தத் தெருவில் யார் எத்தனையாவது மாதம், இரவில் வண்டி கிடைக்காத வீடு எது, மாமியார் ஒப்புக்கொள்ளாத வீடு எது என்று குப்பத்தையே ஒரு நோயாளியாக வைத்துப் பார்த்தீர்கள். செவிலியரின் பதிவேடுதான் உங்கள் ஸ்டெதஸ்கோப். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். குப்பத்தில் நடந்ததை அவர் ஏற்கெனவே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் அந்தப் பள்ளியின் வரலாற்றிலிருந்து உங்களுக்கு நேராகப் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே எபிடெமியாலஜித் துறையை 1958-இல் தொடங்கிவைத்தவர் சிட்னி கார்க். அவர் ஓராண்டில் இஸ்ரேலுக்குப் போய்விட, துறையை வளர்த்தெடுத்தவர் ஜான் காசல். இருவரும் தென்னாப்பிரிக்கர்கள். இருவருமே நேட்டால் மாகாணத்தில் ஃபொலேலா என்ற இடத்தில், ஜூலு மக்களுக்கான ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றியவர்கள். 1940-இல் கார்க்கும் அவர் மனைவி எமிலியும் தொடங்கிய அந்த நிலையத்தில், வீடு வீடாகக் கணக்கெடுப்பது, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதிவைப்பது, காய்கறித் தோட்டம் போடக் கற்றுக்கொடுப்பது ஆகியவை சிகிச்சைக்குச் சமமான வேலைகளாக இருந்தன. நிறவெறி அரசு அந்த வேலைக்கு இடங்கொடாமல் போனபோது அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஆக, இந்தப் பள்ளியின் பெயர்பெற்ற துறை ஒன்றின் வேர் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. உங்கள் நான்கு ஆண்டுகளை விண்ணப்பத்தில் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

காசல் இங்கு வந்தபின் செய்த ஆய்வுகளில் ஒன்று என் மனத்தைவிட்டு அகலாதது. மலைக்கிராமங்களிலிருந்து இறங்கி வந்து ஒரே தொழிற்சாலையில் ஒரே வகை வேலை செய்தவர்களை அவரும் ஹெர்மன் டைரோலரும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார், குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்சாலைக்கு வந்தவர்கள்; மற்றொரு சாரார், தந்தையும் அதே தொழிற்சாலையில் உழைத்தவர்கள். மலை அதே மலை. வேலையும் அதே வேலைதான். ஆனால் முதல் தலைமுறையினரிடம் உடல்நலக் குறைகள் கூடுதலாகவும், நோய் விடுப்பு கூடுதலாகவும் இருந்தன. புதிய வாழ்க்கைக்குப் பழைய வாழ்க்கை தயார் செய்திராத நிலையே உடலைத் தாக்குகிறது என்பது 1961-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. மாரிஸ்வில், கேரி பகுதிகளில் ஊரைவிட்டு வந்து கணினி முன் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களின் சர்க்கரையையும் தூக்கமின்மையையும் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிற்சாலை நினைவுக்கு வரும். ஒருவேளை உங்களுக்கு அது ஓர் ஆய்வுப் பொருளாகவே அமையலாம்.

பாடப்பிரிவு எது என்பதற்கு இப்போது வரலாம். எபிடெமியாலஜி எடுத்தால்தான் வேலை என்பது பாதி உண்மை. அந்தத் துறைக்கும் உயிரிப் புள்ளியியல் துறைக்கும் அரசுக்கு வெளியேயும் சந்தை இருக்கிறது. ராலே, டர்ஹம், சாப்பல் ஹில் ஊர்களைச் சூழ்ந்த ஆராய்ச்சி முக்கோணப் பகுதி மருந்துப் பரிசோதனை நிறுவனங்களின் ஊராகவே ஆனதற்கு அந்தப் பள்ளியும் ஒரு காரணம். அங்கே உயிரிப் புள்ளியியல் பேராசிரியராக இருந்த டென்னிஸ் கில்லிங்ஸ் 1982-இல் தொடங்கிய குவின்டைல்ஸ் நிறுவனம்தான் இன்று ஐக்வியா என்ற பெயரில் உலகெங்கும் மருந்துப் பரிசோதனைகளை நடத்துகிறது. அவரும் ஜோன் கில்லிங்ஸும் 2007-இல் அறிவித்த 5 கோடி டாலர் நன்கொடையை ஒட்டித்தான் மறு ஆண்டு பள்ளிக்கு அவர்கள் பெயர் வந்தது. கேரியிலிருந்து அத்தகைய நிறுவனம் ஒன்றுக்கு வேலைக்குப் போவது உங்கள் நோக்கமானால், எபிடெமியாலஜியும் புள்ளியியலும் நேரான வழி. மருத்துவம் தெரிந்தவர்களுக்கு அங்கே மருந்துப் பாதுகாப்புப் பிரிவுகளில் எப்போதும் தேவை உண்டு.

ஆனால் உங்கள் கடிதம் அந்த நோக்கத்தைச் சொல்லவில்லை, குப்பத்தைச் சொல்கிறது. அதனால் நான் உங்களுக்குத் தாய்-சேய் நலப் பிரிவைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதன்று. அமெரிக்காவில் பேறுகாலத்தில் இறக்கும் தாய்மார்களின் விகிதம் மற்ற பணக்கார நாடுகளைவிட மிக அதிகம். அதிலும் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விகிதத்தில் இறக்கிறார்கள். இந்த மரணங்களில் பெரும்பகுதி பிரசவ மேசையில் நிகழ்வதில்லை. வீட்டுக்குப் போன பின், வாரங்களும் மாதங்களும் கழித்து, உயர் ரத்த அழுத்தத்தாலும் இதய நோயாலும் மனச்சோர்வாலும் போதைப்பொருளாலும் நிகழ்கின்றன. வட கரோலினா அரசு 2022 ஏப்ரல் முதல், மெடிக்கெய்டு (குறைந்த வருமானத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பெறும் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் 60 நாட்கள் என்றிருந்த காப்பீட்டை 12 மாதங்களாக நீட்டியது. 2023 டிசம்பரில் மெடிக்கெய்டு திட்டத்தையே விரிவாக்கியது. காப்பீடு வந்துவிட்டது; வீட்டுக் கதவைத் தட்டி, ரத்த அழுத்தம் பார்த்து, “அடுத்த வாரம் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகும் கிராம சுகாதார செவிலியர் இங்கே பல ஊர்களில் இல்லை. தமிழ்நாட்டில் நாம் பழகிப்போனதால் பெரிதாக எண்ணாத அந்த அமைப்பை உள்ளிருந்து பார்த்தவர் நீங்கள். அது இங்கே அரிய அனுபவம். எபிடெமியாலஜித் துறையின் பாடங்கள் இரண்டு மூன்றை விருப்பப் பாடங்களாக எடுத்துக்கொண்டு தாய்-சேய் நலத்தில் சேர்ந்தால், தரவும் புரியும், களமும் கைவிட்டுப் போகாது. மருத்துவர்களுக்கென்றே மக்கள்நலப் பாடப்பிரிவு ஒன்றையும் அந்தப் பள்ளி நடத்திவருகிறது. அதில் இருக்கும் வசதி, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஏற்றது; புதிதாகத் துறை மாறும் உங்களுக்கு அது போதுமான அடித்தளம் தராது என்பது என் கருத்து.

கணக்கு பயத்துக்கு மருந்து இருக்கிறது. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அடிப்படைப் புள்ளியியலும் அடிப்படை எபிடெமியாலஜியும் கட்டாயம், தப்ப முடியாது. ஆனால் அங்கே எதிர்பார்ப்பது பிளஸ் டூவில் நாம் மனப்பாடம் செய்த தொகை நுண்கணிதம் அன்று. ஒரு விகிதத்தைப் பார்த்து, அதன் வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிவது. மாதாந்தர அறிக்கையில் “தடுப்பூசி 104 சதவீதம்” என்று வந்ததைப் பார்த்து, குழந்தைகள் எண்ணிக்கையைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தீர்களானால், நீங்கள் அந்தப் பாடத்தில் பாதி தேறியவர். சேரும் முன் சில மாதங்கள் சாஸ் அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள். சாஸ் நிறுவனத்தின் தலைமையகம் உங்கள் கேரியில்தான் இருக்கிறது. கற்போருக்கு இலவசமாகக் கிடைக்கும் பதிப்பும் உண்டு.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் மாநிலப் பல்கலைக்கழகம் என்பதன் நேரடியான பயன் இங்கேதான் இருக்கிறது. மாநிலத்தில் வசிப்போருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு வேறொரு கட்டணம்; இரண்டாவது முதலாவதைவிட மிகவும் அதிகம். எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் எத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தாலும் வெளியார் கட்டணமே கட்ட வேண்டும். ஹெச்-1பி, ஹெச்-4 விசாக்களில் இருப்பவர்கள் வசிப்பிடத் தகுதிக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. குறைந்தது 12 மாதங்கள் இந்த மாநிலத்தில் நிலையாக வசித்ததற்கான சான்றுகளை, வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வீட்டு ஒப்பந்தம் போன்றவற்றை, மாநிலத்தின் வசிப்பிடத் தீர்மான சேவையிடம் காட்டி முடிவு பெற வேண்டும். பல்கலைக்கழகம் அந்த முடிவை அப்படியே ஏற்கும். ஆகவே, “படிப்பதென்றால் எஃப்-1-க்கு மாறிவிடு” என்று யாராவது சொன்னால் உடனே மாறிவிடாதீர்கள். ஹெச்-4 விசாவிலேயே முழுநேரமாகப் படிக்கலாம். மாறினால் மலிவான கட்டணத்தையும் இழப்பீர்கள், கையில் உள்ள வேலை அனுமதியையும் இழப்பீர்கள். இதை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் உங்கள் ஆவணங்களோடு ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த ஆலோசனைக் கட்டணம் வீண் செலவு ஆகாது.

இணையவழியா, நேரிலா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சிறு குழந்தை இருப்பதால் கேட்பீர்கள். இணையவழியிலும் அதே பட்டம் உண்டு. அரைமணி தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் அதைத் தேர்ந்தெடுப்பதை நான் விரும்பவில்லை. ஒன்பது ஆண்டுகள் பணியிலிருந்து விலகியிருந்த உங்களுக்குப் பாடத்தைவிட ஆட்கள் வேண்டும்: உங்களை அறிந்த ஆசிரியர், கூடப் படித்து நாளை ஏதோ ஒரு கவுண்டியில் அமரப்போகும் தோழி. எம்.பி.ஹெச். மாணவர் ஒவ்வொருவரும் வகுப்புக்கு வெளியே ஓர் அமைப்பில் களப்பயிற்சி செய்தாக வேண்டும். அந்தக் களப்பயிற்சி எங்கே கிடைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முதல் வேலையைத் தீர்மானிக்கிறது. வேக், டர்ஹம் போன்ற பெரிய கவுண்டிகளுக்கே எல்லோரும் முண்டியடிப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் காரில் போய்வர முடியுமானால் கிழக்கே உள்ள சிற்றூர்க் கவுண்டி ஒன்றைக் கேளுங்கள். பன்றிப் பண்ணைகளும் புகையிலை வயல்களும் உள்ள அந்தப் பக்கத்தில் மகப்பேறு மருத்துவமனைகள் குறைவு. ஆள் பற்றாக்குறை அதிகம். உங்களிடம் கோப்புகளைச் சீராக்கச் சொல்லமாட்டார்கள், வேலையையே கொடுப்பார்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று மீதம் இருக்கிறது. இந்தத் துறைக்கு இது நல்ல காலம் அன்று. 2025 மார்ச்சில் அமெரிக்க ஒன்றிய அரசு, மாநிலங்களின் சுகாதாரத் துறைகளுக்கு ஒதுக்கியிருந்த கொரோனாக் கால நிதியில் 1,100 கோடி டாலருக்கும் மேல் ரத்து செய்வதாக அறிவித்தது. வட கரோலினா உட்படப் பல மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. அதே ஆண்டில் வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிய யு.எஸ்.எய்டு என்ற அரசு அமைப்பு கலைக்கப்பட்டது. அந்தப் பணத்தை நம்பி டர்ஹம் பகுதியில் இயங்கிய உலகளாவிய நல அமைப்புகள் ஆட்களை அனுப்பிவிட்டன. பள்ளியின் முழுப் பெயரில் ‘உலகளாவிய’ என்ற சொல் இருக்கிறதே என்று அந்தப் பிரிவை இப்போது தேர்ந்தெடுப்பவர், வேலைக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கோடு தேர்ந்தெடுக்க வேண்டும். கவுண்டி வேலைகளும் மெடிக்கெய்டு சார்ந்த வேலைகளும் அவ்வளவு ஆட்டங்காணவில்லை. ஆனால் அவற்றின் சம்பளம் உங்கள் கணவரின் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் மென்பொருள் பொறியாளரின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அரசு அலுவலகங்கள் ஹெச்-1பி விசாவுக்கு ஆதரவு தருவதும் அபூர்வம். உங்களிடம் வேலை அனுமதி இருப்பதால்தான் இந்த வழியை நான் துணிந்து சொல்கிறேன். அந்த அனுமதி கணவரின் விசாவோடு பிணைந்தது என்பதை மறவாதீர்கள்; அது புதுப்பிக்கப்படும் தேதிகளையும் படிப்பின் கால அளவையும் ஒரே தாளில் எழுதிவைத்துப் பாருங்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு, “இல்லை, நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்காமல் என்னால் இருக்க முடியாது” என்று உங்களுக்குத் தோன்றினால், அதில் தவறேதும் இல்லை, எம்.பி.ஹெச். விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு இரண்டாம் படித் தேர்வுக்கு இன்றே நாள் குறியுங்கள். தோன்றாவிட்டால், விண்ணப்ப வேலை இது. பொதுச் சுகாதாரப் பள்ளிகளுக்கெல்லாம் சோஃபாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் ஒன்று. வெளிநாட்டு மதிப்பெண் சான்றுகளை டபிள்யூ.இ.எஸ். நிறுவனம் மதிப்பிட்டு அங்கே அனுப்ப வேண்டும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றையாவது உங்கள் பழைய வட்டார மருத்துவ அலுவலரிடமிருந்தோ, துணை இயக்குநரிடமிருந்தோ வாங்குங்கள். கல்லூரிப் பேராசிரியர் “நல்ல மாணவி” என்று எழுதும் கடிதத்தைவிட, “இவர் பொறுப்பில் இருந்த குப்பத்தில் வீட்டுப் பிரசவம் நின்றது” என்று மேலதிகாரி எழுதும் கடிதத்துக்கு அந்தக் குழு கூடுதல் நேரம் ஒதுக்கும். நோக்க உரையில் “சிறுவயது முதலே சேவை செய்ய ஆசை” என்று தொடங்காதீர்கள். அந்தக் குப்பத்தில் கடைசியாக வீட்டில் பிறந்த குழந்தையின் கதையிலிருந்து தொடங்குங்கள். ஏன் அந்த வீட்டைத் தவறவிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இவை எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிப்பது, கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் சான்றுகளைப் பெறுவதுதான். நேரில் போய்வர ஊரில் யாராவது இருந்தால் அவருக்கு அதிகாரக் கடிதம் ஒன்று எழுதி இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.